கத்தரி வாடும் நிலத்துக்கு எது சரி: ஒட்டு நாற்றா, எதிர்ப்பு ரகமா, பயிர் மாற்றமா?

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கம் கத்தரி போடுகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "பூ வைக்கிற நேரத்தில் செடி பச்சையாகவே தொங்கிவிடுகிறது. நாலைந்து நாளில் காய்ந்து போகிறது. ஒட்டு நாற்று போட்டால் வாடாது என்கிறார்கள். ஆனால் ஒரு நாற்று பத்து ரூபாய் சொல்கிறார்கள். போடலாமா?"

இதற்கு நான் சொல்லும் பதில் சிலருக்குப் பிடிப்பதில்லை. ஒட்டு நாற்று, அதாவது நோய் தாங்கும் வேறொரு செடியின் வேர்மேல் கத்தரியைக் கட்டிய நாற்று, நல்ல தொழில்நுட்பம்தான். ஜப்பானில் 1920களிலேயே தர்பூசணியைப் பூசணி வகைகளின் மேல் ஒட்டுக் கட்டி மண் நோயிலிருந்து தப்பித்தார்கள். கத்தரியும் தக்காளியும் பின்னால் வந்தன. ஆனால் நம் ஊரில் கேட்கிற பத்துப் பேரில் எல்லாருக்கும் அது தேவைப்படுவதில்லை. சிலருக்கு வேறு ரகம் போதும். சிலருக்கு இரண்டு போகம் கேழ்வரகு போதும். இன்னும் சிலருக்கு வந்திருப்பது மண் நோயே இல்லை.

எனவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

## செடி எதனால் செத்தது?

ஒட்டுக் கட்டுவது வேரை மாற்றும் வேலை. மேலே நமக்கு வேண்டிய கத்தரி, கீழே நோய் தாங்கும் சுண்டைக்காய் வேர். ஆகவே வேர் வழியாக வரும் நோய்களுக்கு மட்டும்தான் அது மருந்து. மண்ணுக்கு மேலே வரும் தொல்லைக்கு ஒட்டுச் செடியும் சாதாரணச் செடியும் ஒன்றுதான்.

வாடிய செடியைப் பிடுங்கி எறிவதற்கு முன் இப்படிப் பாருங்கள்.

இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே, ஒரே நாளில் முழுச்செடியும் தொங்கினால் பாக்டீரியா வாடல் என்று சந்தேகப்படலாம். அடித்தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, வெட்டு முனை தண்ணீரில் படும்படி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். டம்ளரை அசைக்காதீர்கள். சில நிமிடங்களில் வெட்டு வாயிலிருந்து பால் போல வெள்ளை நூல் இறங்கினால் அதேதான். செலவில்லாத சோதனை. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் பூஞ்சாணக்கொல்லி வாங்கி ஊற்றியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பாக்டீரியாவுக்குப் பூஞ்சாண மருந்து எதையும் செய்யாது.

கீழ் இலையிலிருந்து மஞ்சள் ஏறி, பல சமயம் ஒரு பக்கக் கிளை மட்டும் முதலில் வாடி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் பியூசேரியம் போன்ற பூஞ்சாண வாடல். வெள்ளை நூல் இறங்காது.

செடி சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. உச்சி வெயிலில் சோர்ந்து மாலையில் எழுந்துவிடுகிறது. வேரைக் கழுவிப் பார்த்தால் மணி மணியாக முடிச்சுகள். அது வேர்முடிச்சு நூற்புழு. இந்தப் புழு துளைத்த வேரில்தான் பாக்டீரியா சுலபமாக நுழைகிறது. அதனால் இரண்டும் சேர்ந்தே இருக்கும் நிலங்கள் உண்டு. செடி சீக்கிரம் சாவது அங்கேதான்.

இந்த மூன்றுக்கும் ஒட்டு நாற்று உதவும். கீழே சொல்லும் நான்குக்கு உதவாது:

- குருத்து மட்டும் தொங்கி, அதைக் கிள்ளிப் பிளந்தால் உள்ளே புழு இருப்பது. தண்டையும் காயையும் துளைக்கும் புழு இது. 
- இலை சிறுத்துச் சிறுத்துக் கொத்தாகி, பூவே வராமல் போகும் சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது.
- தக்காளியில் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ்.
- இலை ஓரம் கருகி, செடி குன்றி நிற்பது. பாலாற்றை ஒட்டி, தோல் தொழிற்சாலைகள் இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிக் கிணறுகளில் இது தண்ணீரின் உப்பாகவும் இருக்கலாம். தண்ணீரைப் பரிசோதிக்காமல் நாற்றை மாற்றிப் பயனில்லை.

உறுதியாகத் தெரியாவிட்டால் வாடிய செடியை வேர் மண்ணோடு பிடுங்கி, விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். முழுதாகக் காய்ந்த செடி வேண்டாம். வாடத் தொடங்கிய செடியாக இருக்கட்டும்.

## எதை எதை வைத்து ஒப்பிடுவது

நாற்று விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் வழக்கம். நான் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்: எந்தெந்த நோயைத் தாங்கும், முதல் செலவு எவ்வளவு, பிறகு மெல்ல வந்து சேரும் செலவு எது, நமக்கு வேண்டிய ரகத்தையே போட முடியுமா, எத்தனை நாள் முன்னால் திட்டமிட வேண்டும், தவறினால் நஷ்டம் எவ்வளவு.

இதில் நான்காவது வேலூருக்குத் தனியாக முக்கியம். இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே நம் சந்தைகளில் முள் கத்தரி கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. காம்பில் முள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். வேறு ரகம் எவ்வளவு நோய் தாங்கினாலும் அந்தக் கூடையில் அதற்கு இடமில்லை.

## ஒட்டு நாற்றை விலைக்கு வாங்குவது

கத்தரிக்கு அடிச்செடியாகப் பெரும்பாலும் பயன்படுவது நம் வீட்டுக் கொல்லையில் வற்றலுக்காக நிற்கும் அதே சுண்டைக்காய்தான். பாக்டீரியா வாடல், பூஞ்சாண வாடல், வேர்முடிச்சு நூற்புழு ஆகியவற்றை நன்றாகத் தாங்கும். அசைக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். மண்ணில் கிருமி மிக அதிகமாகி, தண்ணீரும் தேங்கி, வெயிலும் கொளுத்தினால் ஒட்டுச் செடியிலும் சில போகும். ஆனால் சாதாரண நாற்றில் பாதி போகும் நிலத்தில் இதில் பெரும்பகுதி நிற்கும்.

இன்னொரு லாபம், செடியின் ஆயுள். சுண்டைக்காய் வேர் ஆழமாகப் போகும், பல ஆண்டு நிற்கும். காய்ப்பு குறைந்ததும் கவாத்து செய்து உரமும் தண்ணீரும் கொடுத்தால் மறுபடி தழைத்துக் காய்க்கும். சாதாரணக் கத்தரியைவிட மாதக்கணக்கில் கூடுதலாகப் பறிக்கலாம். இந்தக் கூடுதல் பறிப்புதான் ஒட்டு நாற்றின் உண்மையான வருமானம். முதல் ஐந்து மாதக் கணக்கை மட்டும் போட்டால் பல சமயம் கையைக் கடிக்கும்.

கணக்குக்கு வருவோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் விலையைப் போட்டு இதே மாதிரி கணக்குப் போடுங்கள்.

சாதாரண நாற்றை மூன்றடிக்கு இரண்டடி நட்டால் ஏக்கருக்கு 7,260 செடி. நாற்று ஒரு ரூபாய் என்றால் 7,260 ரூபாய். ஒட்டுச் செடி அகலமாகப் படரும். ஐந்தடிக்கு இரண்டடி போதும். ஏக்கருக்கு 4,356 செடி. பத்து ரூபாய் வீதம் 43,560 ரூபாய். வித்தியாசம் 36,300 ரூபாய். கத்தரி சராசரியாகக் கிலோ 15 ரூபாய்க்குப் போகிறது, சாதாரணச் செடி ஒன்று இரண்டு கிலோ கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு செடியின் மதிப்பு 30 ரூபாய். ஆக 1,210 செடி செத்தால்தான் இந்த வித்தியாசம் சமமாகிறது. அதாவது ஆறில் ஒரு செடி.

இதோடு ஊன்றுகோல், கம்பி, கயிறு என்று ஒரு 15,000 ரூபாயைச் சேர்த்தால் 1,710 செடி ஆகிவிடும். ஏறக்குறைய நாலில் ஒன்று. ஆகவே நிலத்தில் நூற்றுக்குப் பத்துச் செடி மட்டும் வாடுகிறது என்றால், நீண்ட நாள் பறிக்கும் திட்டம் இல்லாவிட்டால், வாங்கிய ஒட்டு நாற்று கட்டாது. மூன்றில் ஒன்று வாடுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இனி, பேச்சில் வராத செலவுகள்.

முதலாவது, ரகம். நாற்றுப் பண்ணைகள் தயாராக வைத்திருப்பது பெரும்பாலும் கம்பெனி வீரிய (கலப்பின) ரகங்களைச் சுண்டைக்காய் மேல் கட்டிய ஒட்டு. முள் கத்தரி வேண்டுமென்றால் நம் விதையைக் கொடுத்து, முன்பணம் கட்டி, கட்டச் சொல்ல வேண்டும். சுண்டைக்காய் முளைத்து, பருத்து, ஒட்டு கூடி, வெயிலுக்குப் பழகி நம் கைக்கு வர இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். தைப் பட்டத்துக்கு நடவேண்டிய நாற்றுக்கு ஐப்பசியிலேயே சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, வண்டி. ஓசூர்ப் பக்கமிருந்தோ இன்னும் தூரத்திலிருந்தோ பகலில் ஏற்றி வந்தால் ஒட்டு இடத்தில் முறியும், வாடும். இரவில் ஏற்றச் சொல்லுங்கள். வந்ததும் இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து நடுங்கள்.

மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள். நட்ட ஒரு மாதத்தில் கத்தரிக்கு மண் அணைப்பது நமக்குப் பழக்கம். ஒட்டுச் செடிக்கு அது கூடாது. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலமாவது தெரிய வேண்டும். மண் அதைத் தொட்டால் மேலே இருக்கும் கத்தரியும் வேர் விடும். அந்த வேர் வழியாக நோய் நேராக ஏறிவிடும். பத்து ரூபாய் நாற்று ஒரு ரூபாய் நாற்றாகிவிட்டது என்று அர்த்தம். களை வெட்ட வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. கேட்காமலே அணைத்துவிடுவார்கள்.

நான்காவது, அடிக்கிளை. ஒட்டுக்குக் கீழே சுண்டைக்காய் துளிர்த்துக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை கிள்ள வேண்டும். விட்டுவிட்டால் கத்தரித் தோட்டத்தில் சுண்டைக்காய்தான் பறிப்பீர்கள்.

சுண்டைக்காயின் கசப்பு கத்தரியில் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: ஏறாது. காய் எந்த ரகம் என்பதை மேல்செடிதான் தீர்மானிக்கிறது. அளவிலும் சதைப் பிடிப்பிலும் சிறிது வித்தியாசம் வரலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுச் செடியில் பழுத்த காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் வருவது வெறும் கத்தரிதான். நோய் தாங்கும் வேர் விதையில் வராது.

## நாமே ஒட்டுக் கட்டுவது

பார்க்கச் சுலபமாகத் தெரியும். சுண்டைக்காய் நாற்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, ஆப்பு போலச் சீவிய கத்தரிக் குருத்தைச் செருகி, கிளிப் போட வேண்டும். கை பழகினால் நிமிடத்துக்கு ஒன்று கட்டிவிடலாம். சிக்கல் இருப்பது அதற்கு முன்னும் பின்னும்.

முன்னால்: சுண்டைக்காய் விதை சோம்பேறி. புது விதைக்கு உறக்கக் காலம் உண்டு, சீராக முளைக்காது. பழுத்த காயிலிருந்து எடுத்துக் கழுவி உலர்த்தி, ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஊற வைத்தால் முளைப்பு கூடும். கத்தரியை விதைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே சுண்டைக்காயை விதைத்தால்தான் இரண்டு தண்டும் ஒரே பருமனுக்கு வரும். பருமன் ஒத்துப்போகாவிட்டால் கிளிப் போட்டும் பயனில்லை. அதனால் கத்தரியை ஒரே நாளில் விதைக்காமல், சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைத்து வைப்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

பின்னால்: கட்டிய நாற்று ஐந்து முதல் ஏழு நாள் வரை ஈரக்காற்றில், வெயில் படாமல் இருக்க வேண்டும். ஈரப்பதம் 85 முதல் 95 சதவீதம், வெப்பம் 25 முதல் 28 டிகிரி. நிழல்வலைக்கு அடியில் பாலித்தீன் கூடாரம் போட்டு, தரையில் தண்ணீர் விட்டு இதை உண்டாக்கலாம். அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும்.

வேலூர் வெயிலில் இதுதான் கண்டம். சித்திரையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது கூடாரத்துக்குள் நாற்று வெந்துவிடும். இங்கே வசதியான காலம் கார்த்திகை, மார்கழி. ஆடி ஆவணியிலும் நல்ல நிழல் இருந்தால் முடியும். கோடையில் கட்ட ஆசைப்பட வேண்டாம்.

பிளேடும் கையும் சுத்தமாக இருப்பது அடுத்த விஷயம். ஒரு செடியில் நோய் இருந்தால் பிளேடு அதை வரிசையாக எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் இந்த வேலைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். விரல் அவ்வளவு லாகவம். ஆனால் புகையிலையில் வரும் தேமல் வைரஸ் கையோடு வந்து கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாவற்றிலும் ஏறக்கூடியது. வேலையைத் தொடங்கும் முன்பும், இடையில் பீடியைத் தொட்டுவிட்டு வந்தாலும், சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பீடி புகைக்கும் ஆண்களுக்கும் இதே விதி.

ஒரு எச்சரிக்கை. காசில்லாமல் கிடைக்கிறது என்று ஊமத்தையின் மேல் ஒட்டிப் பார்க்கக் கூடாது. ஒட்டு கூடும், செடி செழிக்கும். ஆனால் ஊமத்தையின் நஞ்சு அதன் வேரில்தான் உருவாகிறது. அங்கிருந்து மேலே காய்க்கு ஏறும். ஊமத்தையின் மேல் ஒட்டிய தக்காளியைத் தின்று நஞ்சேறிய சம்பவம் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது.

நாமே கட்டினால் நாற்று விலை குறையும், நம் விதையையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டியதில் எத்தனை தேறும் என்பதை வைத்துத்தான் உண்மையான விலை. பாதிதான் தேறினால், விதை, தட்டு, நார்க்கழிவு, கூலி எல்லாம் இரட்டிப்பாகிவிடும். பத்து சென்ட் அளவுக்கான நாற்றைக் கட்டிப் பழகியபின் ஏக்கருக்குப் போவது நல்லது. தனியொருவர் கூடாரம் போடுவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து போட்டால் கட்டுபடியாகும். திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் கூட்டு முயற்சியில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. கூடாரம் போடப் பணம் செலவழிப்பதற்கு முன் குழித்தட்டு நாற்று வளர்ப்பை அங்கே ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

## நோய் தாங்கும் ரகம்

செலவு குறைந்த வழி, கைவசம் இருக்கும்போது. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கேசவ், அர்கா நிதி, அர்கா நீலகண்ட் ஆகிய கத்தரி ரகங்கள் பாக்டீரியா வாடலைத் தாங்குபவை. ஒட்டு இல்லை, கூடாரம் இல்லை, மண் அணைக்கத் தடையும் இல்லை. இவை வீரிய (கலப்பின) ரகங்கள் அல்ல என்பதால் விதையும் நாமே எடுத்துக்கொள்ளலாம்.

குறை இரண்டு. நம் சந்தை கேட்கும் காய் இவை அல்ல. முள் கத்தரி வாங்கும் வியாபாரி இதைப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார், அல்லது வேண்டாம் என்பார். நடுவதற்கு முன் உங்கள் மண்டிக்காரரிடம் கேட்டுவிடுங்கள். ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் ஓட்டலுக்குக் காய் போடுகிறவர்களுக்கு இது சிக்கலாகத் தெரிவதில்லை. சாம்பாரில் விழும் கத்தரிக்கு ஊர்ப்பெயர் யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது குறை, ஒரு நோய்க்கான ரகம் அந்த நோய்க்கு மட்டும்தான். வேரில் முடிச்சு இருக்கும் நிலத்தில் பாக்டீரியாவைத் தாங்கும் ரகத்தைப் போட்டுவிட்டு, செடி குன்றுகிறதே என்று விதையைக் குறை சொல்லக் கூடாது.

## பயிரை மாற்றி மண்ணைத் தேற்றுவது

மேலே சொன்ன மூன்றும் நோயோடு வாழும் வழிகள். நோயைக் குறைக்கும் வழி இது ஒன்றுதான். ஆனாலும் யாருக்கும் பிடிக்காது. ஏனென்றால் கத்தரிக்குப் பணம் வாரா வாரம் வரும்; கேழ்வரகுக்கு வராது.

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பம். கத்தரிக்குப் பின் மிளகாய் போட்டுவிட்டுப் பயிரை மாற்றிவிட்டேன் என்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. புல் வகைப் பயிருக்குப் போக வேண்டும்: கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம், நெல். ஏரிப் பாசனம் இருந்தால் சம்பா நெல் மிக நல்லது. மாதக்கணக்கில் நீர் தேங்கி நிற்பதால் நூற்புழு பெரிதும் குறையும். வெண்டை வேண்டாம், முடிச்சுப் புழுவுக்கு அது விருந்து. நூற்புழு மட்டும்தான் பிரச்சினை என்றால் செண்டுமல்லி ஒரு போகம் போடலாம். அதன் வேர் இந்தப் புழுவைக் குறைக்கும், பூவுக்கு வேலூரில் விலையும் உண்டு.

எத்தனை போகம்? நூற்புழுவுக்கு ஒன்றிரண்டு போகத்திலேயே வித்தியாசம் தெரியும். பாக்டீரியா பிடிவாதமானது, இரண்டு மூன்று ஆண்டு கத்தரிக் குடும்பம் இல்லாமல் வைத்தால்தான் நம்பலாம். வரப்பில் நிற்கும் மணத்தக்காளியையும் பிடுங்க வேண்டும். கீரைக்கு ஆகும் என்று விட்டுவைத்தால் பாக்டீரியா அதன் வேரில் குடித்தனம் நடத்தும்.

நம் வெயிலுக்கும் இங்கே ஒரு பயன் உண்டு. அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் நிலத்தை உழுது, நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் ஓரங்களை மண்ணில் புதைத்து மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டால் மேல்மண்ணில் பூஞ்சாணமும் நூற்புழுவும் களை விதையும் வெந்துபோகும். ஏக்கருக்குச் செய்தால் தாள் செலவு எகிறும். நாற்றங்காலுக்கும், வாடல் தொடங்கும் அந்தச் சின்ன மூலைக்கும் செய்யலாம். ஆழத்தில் இருக்கும் பாக்டீரியா தப்பித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, ஒரு கிலோ சூடோமோனாஸை (நன்மை செய்யும் பாக்டீரியா) 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடுவது போன்றவை கூடவே செய்ய வேண்டியவை. இவற்றைத் தனி வைத்தியமாக நம்பினால் ஏமாற்றம்தான். அதைவிடப் பெரிய பலன் வாய்க்கால் பாசனத்தை விட்டுச் சொட்டுநீருக்கு மாறுவதில் இருக்கிறது. ஒரு செடியில் வந்த பாக்டீரியாவை வாய்க்கால் தண்ணீர்தான் வரிசை முழுக்கக் கொண்டுபோகிறது.

## ஒரே பார்வையில்

| | வாங்கும் ஒட்டு | நாமே கட்டும் ஒட்டு | எதிர்ப்பு ரகம் | பயிர் மாற்றம் |
|---|---|---|---|---|
| எதைத் தாங்கும் | பாக்டீரியா, பூஞ்சாண வாடல், நூற்புழு | அதே | ரகத்துக்குரிய நோய் மட்டும் | எல்லா மண் நோயும் மெல்லக் குறையும் |
| முதல் செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | குறைவு |
| பின்னால் வரும் செலவு | ஊன்றுகோல், அடிக்கிளை கிள்ளுதல், வண்டி | தேறாத நாற்று, கூடாரம், நேரம் | சந்தையில் விலைக் குறைவு | கத்தரி வருமானம் இல்லாத போகங்கள் |
| முள் கத்தரி போட முடியுமா | சொல்லி வைத்தால் | முடியும் | முடியாது | பின்னால் முடியும் |
| முன்கூட்டிய திட்டம் | இரண்டரை மாதம் | மூன்று மாதம் | ஒன்றரை மாதம் | நூற்புழுவுக்கு ஒன்றிரண்டு போகம், பாக்டீரியாவுக்கு இரண்டு மூன்று ஆண்டு |
| தவறினால் | பெரிய இழப்பு | நாற்றோடு போகும் | ஒரு போகம் | இழப்பு குறைவு |

## தக்காளி, மிளகாய், தர்பூசணி போடுகிறவர்களுக்கு

தக்காளியைச் சுண்டைக்காய் மேல் ஒட்டினால் சரியாக ஒத்துப்போகாது. அதற்கு நோய் தாங்கும் கத்தரி வகையோ, தாங்கும் தக்காளி வகையோதான் அடிச்செடி. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பரிந்துரைக்கும் இ.ஜி. 203 என்ற கத்தரியும் ஹவாய் 7996 என்ற தக்காளியும் பெயர் பெற்றவை. கத்தரி வேரில் நிற்கும் தக்காளி மழையில் நீர் தேங்கினாலும் தாக்குப்பிடிக்கும் என்பது கூடுதல் நன்மை. ஆனாலும் தக்காளிக்கு நான் முதலில் ரகத்தைத்தான் சொல்வேன். அர்கா ரக்ஷக் வீரிய ரகம் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன் கருகல் மூன்றையும் தாங்கும். வெள்ளை ஈ தொல்லை இருக்கும் இடத்தில் ஒட்டால் செய்ய முடியாததை அது செய்கிறது. பலமநேர், கோலார் தக்காளி லாரி லாரியாக வந்து விலையை இறக்கும் நாளில் பத்து ரூபாய் நாற்றின் கணக்கு தாங்காது.

ஒன்று கவனிக்க வேண்டும். நூற்புழுவைத் தாங்கும் தக்காளி ரகங்கள் பலவற்றில் இருக்கும் மி என்ற மரபணு மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும். நம் ஊர்க் கோடையில் அதை நம்ப முடியாது.

மிளகாய்க்கு ஒட்டு இப்போதைக்கு நம் சாகுபடியில் கட்டாது. தர்பூசணியைச் சுரை மேல் ஒட்டலாம். ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் தர்பூசணி போட்டு வாடல் கண்டவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

## அப்போ யார் எதை எடுப்பது

முள் கத்தரிதான் உங்கள் வாடிக்கை, ஒரே நிலம்தான் இருக்கிறது, மூன்றில் ஒன்றுக்கு மேல் வாடுகிறது: ஒட்டு நாற்றுதான். சொட்டுநீரும் ஊன்றுகோலும் சேர்த்தே திட்டமிடுங்கள். எட்டு மாதமாவது பறிக்கப் போகிறேன் என்ற முடிவோடு போடுங்கள்.

இரண்டு துண்டு நிலம் இருந்தால், வாடும் துண்டுக்கு நெல்லோ கேழ்வரகோ. நல்ல துண்டில் வழக்கமான நாற்று. ஒரு துண்டின் மண்ணையும் தண்ணீரையும் மண்வெட்டியையும் மற்றதற்குக் கொண்டு போகாதீர்கள். ஒட்டுக்குப் பணம் போடத் தேவையே இல்லை.

காய் எந்த ரகமானாலும் விற்றுவிடும் என்றால் எதிர்ப்பு ரகம். டம்ளர் சோதனையில் வெள்ளை நூல் இறங்கியிருக்க வேண்டும், வேரில் முடிச்சு இருக்கக் கூடாது.

நூற்றுக்குப் பத்துக்குள் வாடுகிறது, அதுவும் ஒரே மூலையில் என்றால், அந்த மூலைக்கு மட்டும் முந்நூறு நானூறு ஒட்டு நாற்று வாங்கி நடலாம். முழு ஏக்கருக்குமான செலவு இல்லை. உங்கள் மண்ணில் அது எப்படி நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும். அவற்றுக்கு நடுவே பத்துச் செடி சாதாரண நாற்றாகவும் வையுங்கள். அவை வாடி, ஒட்டு நின்றால் அடுத்த பட்டத்துக்கு எவ்வளவு வாங்குவது என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அவையும் நின்றுவிட்டால், முந்தின போகத்தில் வாடியதற்குக் காரணம் தேங்கிய தண்ணீராக இருந்திருக்கலாம், வடிகாலைப் பாருங்கள்.

குத்தகை நிலம் என்றால் இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ள வேண்டும்: குத்தகை எத்தனை மாதம்? ஆறு மாதத்தில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால், கவாத்துக்குப் பின் வரும் காய் வேறொருவர் பறிக்கும் காயாகிவிடும். ஒட்டு நாற்றுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் நிலத்துக்காரரிடம் பேசி ஓராண்டுக்கு எழுதி வாங்குங்கள்.